சேர்மன் வீட்டுக் கோடி

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியை மாலதி ஒரு பழைய துண்டால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மாமியாரின் நெற்றியும் மூக்கும் தெரிந்தன. கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஈரம் படிந்து மறைந்தன. காலையிலிருந்து இதே வேலையாக இருந்தாள். துடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது. ஆனால் துண்டைக் கீழே வைத்தால் யாராவது வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள், பதிலுக்கு அழுதாகவேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை. கண் எரிந்தது, தாகம் எடுத்தது, முழங்கால் வலித்தது. அவ்வளவுதான்.

"ஏம்மா மாலதி, மணி பன்னண்டாவுது. பொறந்த வூட்டுக் கோடி வருதா, வரலியா?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். "ஞாயித்துக்கெழம. நாலரைக்கு மேல ராவு காலம். வராதுன்னா வராதுன்னு சொல்லிடு, ஆவுற வேலயப் பாப்பம்."

"வருதுன்னாங்க பெரிம்மா."

"யாரு சொன்னா?"

"போன்ல சொன்னாங்க."

கொளஞ்சியம்மாள் எதிர் வீட்டுக்காரி. சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அவள் தலையசைக்காமல் ஒரு பாடையும் கிளம்பியதில்லை. போனில் சொன்ன பேச்சை அவள் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

இந்தப் பக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவைதான் மேலே முதலில் விழவேண்டும். சம்பந்தி, பங்காளி, அக்கம்பக்கம் எல்லாம் அதற்கப்புறம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்த மாலதியின் தம்பிகூட, வாங்கிவந்த புடவையை மஞ்சள் பையைவிட்டு எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். செத்துக் கிடப்பவளுக்கு எண்பத்தாறு வயசு. அப்பா, அண்ணன் எல்லோரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இருந்தாலும் கோடி கோடிதான். அது வராமல் தூக்கினால், எங்கிருந்தோ வந்தவளைத் தூக்கிப்போன மாதிரி ஆகிவிடும்.

மாமியார் அஞ்சலாட்சியும் இந்த விஷயத்தை வீட்டுக்குள் மட்டும் சொல்லிவைத்துவிட்டுப் போகவில்லை. ரேஷன் கடை வரிசையில், அடுத்த வீட்டு வளைகாப்பில், பால்காரரிடம் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தாள். "எங்க வூட்டுக் கோடி வராம என்னத் தூக்கக் கூடாது. கெடந்து நாறினாலும் சரி." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து அறுபத்தேழு வருஷமாக ஒரு காக்காய் குருவிகூட வந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் வீடு என்று சொன்னது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சேர்மன் வீட்டை. அவளுடைய அப்பா சுப்புராயன், வெள்ளைக்காரன் காலத்தில் கடலூர் துறைமுகத்தில் வேர்க்கடலை மூட்டை சுமக்கப் போனவர்; அந்தப் பக்கத்தில் அதற்குப் பேர் மல்லாட்டை. கப்பல் கரைக்கு வராது, கடலுக்குள்ளேயே நிற்கும். மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். சுமக்கும்போதே முதுகால் எடை பார்க்கப் பழகிக்கொண்டாராம். முப்பது வயதில் குறிஞ்சிப்பாடியில் மல்லாட்டை உடைக்கிற மில் வைத்தார். நாற்பது வயதில், அவர் மூட்டை போய்ச் சேராவிட்டால் கப்பல் பாதி வயிற்றோடு பிரான்சுக்குத் திரும்பவேண்டும் என்ற நிலை. அப்புறம் மூட்டை அலுத்துப்போய் மனிதர்களைப் பிடித்துக்கொண்டார். ஜில்லா போர்டு மெம்பர், முனிசிபல் சேர்மன், சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு தடவை எம்.எல்.ஏ. என்ன பதவி வந்தாலும் போனாலும் சனங்களுக்கு அவர் சேர்மன்தான். கலெக்டர் துரைக்கு மாலை போட்ட கையோடு, துரையை வெளியே போகச் சொன்ன கூட்டத்துக்கும் மாலை வாங்கிக்கொடுத்தவர் என்று மாலதியின் கணவர் சபாபதி கிண்டல் செய்வார்.

அஞ்சலாட்சியிடம் அந்தக் கிண்டல் எடுபடாது. 'எங்கப்பா' என்று ஆரம்பித்தால் அவள் குரலே வேறு. காரில் பக்கத்தில் உட்காரவைத்துத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனதும், பாவாடை மடியில் வறுத்த மல்லாட்டையைக் கொட்டியதும், தூரத்துக் கப்பலைக் காட்டி, 'அதுல போறது ஒன் மல்லாட்டதான்' என்று சொன்னதும் மாலதிக்கு மனப்பாடம். முப்பத்துமூன்று வருஷமாக மாவரைக்கும்போதும் பூ கட்டும்போதும் கேட்ட கதை.

உறவு கெட்டது ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலில். அஞ்சலாட்சி கல்யாணமாகிச் சிதம்பரம் வந்து இரண்டு வருஷம். கணவர் தங்கராசு பள்ளிக்கூட வாத்தியார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓட்டுச்சாவடிப் பொறுப்பு அவருக்கு வந்தது. சேர்மனுக்கு ஓட்டுப் போட இரண்டு வண்டி சனம் கிளம்பி வந்ததாம். வழியில் ஒரு வண்டி அச்சு முறிந்து, வந்து சேர்வதற்குள் ஓட்டு நேரம் முடிந்து பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. தங்கராசு கடிகாரத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டார். வெளியே நின்று தட்டினார்கள். 'உங்க மாமனார் ஆளுங்க சார்' என்று சொல்லியும் பார்த்தார்கள். அவர் திறக்கவில்லை. சேர்மன் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். 'எனக்குக் கதவச் சாத்துனவன் வூட்டுக் கதவ நானும் தட்டமாட்டேன், என் வம்சத்துல ஒருத்தனும் தட்டமாட்டான்' என்று சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் சேர்மன் பேர்போனவர்.

அவர் இறந்த சேதியை மகளுக்கு யாரும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி பேப்பரில் பார்த்துவிட்டு பஸ் ஏறி ஓடினாள். அவள் போய் இறங்கும்போது ஊர்வலம் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவுக்கு வந்திருந்தது. பாண்டு வாத்தியம், கொடி, பூ லாரி. சாலையோரத்தில் ஒரு பாத்திரக் கடை வாசலில், ஜனங்களோடு ஜனமாக நின்று அப்பாவைப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவந்து சோறு வடித்தாள். இதை மட்டும் மாலதியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு தங்கராசு வாத்தியார் இறந்தபோதும் அந்த வீட்டுக் கோடி வரவில்லை. தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுப் புடவை போடாத சாவை அந்தச் சந்து அதற்கு முன்பு பார்த்ததில்லை. கடைசியில் யாரோ ஒரு தூரத்து உறவை அண்ணன் முறை என்று நிறுத்திக் காரியத்தை ஒப்பேற்றினார்கள். அன்றைக்குச் சபாபதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை மாலதி பார்த்தாள். அதற்கப்புறம் அவர் எதிரில் யாரும் கடலூர்ப் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டு நாளைக்கு முன்பு, பேச்சு குழறத் தொடங்கிய சாயங்காலத்தில், அஞ்சலாட்சி கண்ணைத் திறந்து மாலதியைப் பார்த்தாள்.

"கடலூருலேர்ந்து யாருனா வந்தாங்களா?"

வாயில் கரண்டியால் பால் ஊற்றிக்கொண்டிருந்த மாலதிக்கு என்ன தோன்றியதோ, "வந்தாங்கத்த. நீங்க தூங்கினு இருந்தீங்க" என்றாள்.

அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டாள். பால் கடைவாயில் வழிந்தது.

"எழுப்பறதுதான?" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அந்த வார்த்தைதான் இன்று காலை ஐந்தரை மணிக்கு மூச்சு நின்றதிலிருந்து மாலதிக்குள் உட்கார்ந்திருந்தது. நல்லது என்று நினைத்துச் சொன்ன பொய், கடைசிக் காலத்தில் அவளை நோகவைத்துவிட்டது. கோடியாவது நிஜமாக வரவேண்டும். வந்தே ஆகவேண்டும்.

நம்பர் அவளிடம் இருந்தது. போன மாசி மாதம் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் பார்த்தாள். மேலே மேகத்துக்கு நடுவில் சேர்மன் சுப்புராயன். கீழே கை கூப்பிக்கொண்டு அவருடைய கொள்ளுப்பேரன், கவுன்சிலர் இளவரசு. பிறந்தநாள் வாழ்த்து. மூலையில் போன் நம்பர். மாமியாரின் அப்பா முகத்தை மாலதி முதல் தடவை பார்த்தது அப்போதுதான். அதே மூக்கு. நம்பரைப் போனில் பதிந்துகொண்டாள். எதற்கென்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

காலை ஆறு மணிக்குக் கிணற்றடியில் நின்று அதைத்தான் அழுத்தினாள். சபாபதி ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லப் போயிருந்தார்.

"சேர்மன் ஐயா பொண்ணு எறந்துட்டாங்க."

"எந்த சேர்மன்மா?"

"சுப்புராயன் ஐயாவோட பொண்ணு. சிதம்பரத்துல."

"அவுங்க இவ்ளோ நாளா இருந்தாங்களா?" என்று அந்த ஆள் கேட்டான். அப்புறம், அண்ணன் கண்டிப்பாக வருவார், பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார் என்றான்.

வந்தது இரண்டேகாலுக்கு. மூன்று கார்கள். சந்துக்குள் முதல் கார் மட்டும் எப்படியோ உரசிக்கொண்டு நுழைந்து சாமியானாவுக்கு முன்னால் நின்றது. மற்றவர்கள் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார்கள். வெள்ளைச் சட்டைகள் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டன. யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில், "சேர்மன் ஐயா புகழ்..." என்று குரல் கொடுத்தான். இரண்டு பேர் "ஓங்குக" என்று சொல்லிவிட்டு, பறை அடிப்பவர்கள் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சாமியானாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சபாபதி எழுந்திருக்கவில்லை. வந்தது யாரென்று பார்த்தார். பிறகு மாலதியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

இளவரசுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் வேர்வை. வரும் வழியிலேயே எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வந்தான், அழுதுகொண்டிருந்த கிழவிகள் உட்பட. பெட்டிக்கு முன்னால் வந்து நின்று கையைப் பின்னால் நீட்டினான். பின்னால் நின்றவன் தட்டிலிருந்து ஒரு சால்வையை எடுத்து அந்தக் கையில் வைத்தான். கட்சிக் கரை போட்ட பொன்னாடை. காரின் டிக்கியில் இந்த மாதிரி ஒரு கட்டு இருக்கும்போலிருக்கிறது, பிளாஸ்டிக் உறையின் மடிப்புகூடக் கலையவில்லை.

அதை உதறி விரித்துக் கண்ணாடிமேல் போர்த்தினான். சால்வை வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் போட்டான். மறுபடியும் வழுக்கியது.

"ஒரு நிமிஷம் அப்படியே புடிச்சிக்குங்கண்ணே" என்றான் போனில் படம் பிடித்தவன். "கண்ணாடில என் மூஞ்சி வுழுது. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

இளவரசு சால்வையின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றான். இரண்டாவது படம் சரியாக வந்திருக்கவேண்டும். நுனிகளை விட்டான். மாலதியிடம் திரும்பி, "ரொம்ப வருத்தமா இருக்குதுக்கா. எதுனாலும் நம்ம ஆபீசுக்கு போன் பண்ணுங்க" என்றான்.

"அக்கா இல்ல, அத்த மொற" என்றாள் கொளஞ்சியம்மாள். "நீ செத்தவளுக்கு அண்ணன் பேரன். அவ மருமவ ஒனக்கு அத்த. அது கெடக்கட்டும், கோடி எங்க?"

இளவரசு சால்வையைப் பார்த்தான். "போட்டாச்சே பெரிம்மா."

ஒப்பாரி நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"அது மேடையில ஆம்பளைக்குப் போடறதுய்யா" என்றாள் கொளஞ்சியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "பொறந்த வூட்டுலேர்ந்து பொடவ வரணும். அத நீ கையால போடணும். அதுக்குத்தான் காலையிலேர்ந்து பொணத்த வச்சினு ஒக்காந்துக்கிறோம்."

இளவரசின் காது சிவந்தது. அவனுக்கு இந்த மாவட்டத்தில் மாதம் முப்பது சாவு இருக்கும். எல்லாச் சாவிலும் அவன் தலைவர். எந்தச் சாவிலும் சொந்தக்காரன் இல்லை. எங்கே போனாலும் சால்வையோ மாலையோ கையில் வந்துவிடும். பிறந்த வீட்டு ஆளாக ஒரு வீட்டில் போய் நிற்கவேண்டிய அவசியம் இதுவரை வந்திருக்காது. பின்னால் நின்றவனிடம் குனிந்து ஏதோ சொன்னான்.

"பசங்க போயி வாங்கியாந்துருவாங்க பெரிம்மா, அஞ்சு நிமிஷம்."

"பசங்க வாங்கியாந்தா அது பசங்க வூட்டுக் கோடி. நீ போ."

அப்போதுதான் சபாபதி எழுந்து உள்ளே வந்தார். தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். அவர் கோபப்படுவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது.

"யாரும் எங்கியும் போவ வேணாம்" என்றார். "எங்கப்பா செத்தப்ப எங்கம்மா வெறுங்கழுத்தோட ஒக்காந்திருந்தாங்க. அப்ப வராத கோடி இப்ப எதுக்கு? படம் புடிச்சாச்சில்ல, போவச் சொல்லு. நேரமாவுது, தூக்குங்க."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். இளவரசு அப்படியே நின்றான். மாலதியின் தம்பி மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"தூக்கக் கூடாது" என்றாள் மாலதி.

சபாபதி திரும்பிப் பார்த்தார். நாலு பேருக்கு நடுவில் அவள் அவரிடம் எதிர்த்துப் பேசியதே இல்லை. அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. கோபமும் இல்லை, பயமும் இல்லை. காலையிலிருந்து உடம்பு முழுக்க மரத்துக் கிடந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது.

"அது உங்களுக்கு வர்ற கோடி இல்லீங்க. எனக்கும் இல்ல. அவுங்களுக்கு வர்றது. வேணும் வேணாம்னு நம்ம சொல்ல முடியாது."

"நீதான் போன் பண்ணியா?"

"ஆமா."

சபாபதி கையில் சுற்றிய துண்டைப் பிரித்தார். மறுபடி சுற்றினார். பிறகு வெளியே போய்ப் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

காரைப் பின்னால் எடுக்க நேரமில்லை. மாலதியின் தம்பி தன் டிவிஎஸ்ஸை எடுத்தான். கவுன்சிலர் இளவரசு வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் வாரிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தான். கூட வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார்கள். கோஷம் போட்டவன் ஒரு வாளியை எடுத்துக்கொண்டுபோய், குளிப்பாட்டுவதற்குக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தான்.

கால் மணி நேரத்தில் மாலதியின் போன் அடித்தது. தம்பியின் நம்பர். பேசியது இளவரசு. பின்னால் ஜவுளிக் கடைச் சத்தம் கேட்டது.

"அத்த, பாட்டிக்கு என்னா கலர் புடிக்கும்?"

மாலதி பதில் சொல்ல வாயெடுத்தாள். மருந்து தெரியும், மாத்திரை தெரியும், இட்லிக்கு எந்தச் சட்னி, தலையணை எந்தப் பக்கம், எந்தப் பாயில் படுத்தால் முதுகு வலிக்கும், எல்லாம் தெரியும். மாமனார் போன பிறகு தீபாவளிக்குப் பொங்கலுக்கு வெளிறிய நிறத்தில் ஏதாவது ஒரு நூல் புடவை எடுத்துக் கொடுப்பாள். அஞ்சலாட்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொள்வாள். என்ன நிறம் வேண்டும் என்று முப்பத்துமூன்று வருஷத்தில் மாலதி ஒரு தடவையாவது கேட்டிருந்தால்தானே.

"அத்த? லைன்ல இருக்கிறீங்களா?"

"பச்ச" என்றாள். "பச்ச எடுங்க."

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். கொளஞ்சியம்மாள் கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்தார்கள். நாலு பெண்கள் பழைய புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, கொல்லைப்பக்கம் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். சில்லென்று இருந்த முதுகில் மாலதிதான் சீயக்காய் தேய்த்தாள். ஐந்து மாதமாகத் தினமும் தேய்த்த முதுகு. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

இளவரசு திரும்பி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தலை கலைந்திருந்தது. ஒரு கையில் ஜவுளிக் கடைப் பை. புடவையை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எங்கே போவது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றான். இலைப் பச்சையில் சன்னமான சரிகைக் கரை. நல்ல புடவைதான்.

"யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. தலமாட்டுல வா. நெஞ்சுலேர்ந்து கால் வரைக்கும் போடு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவன் குனிந்து போர்த்தினான். புதுப் புடவை கஞ்சியோடு விறைத்துக்கொண்டு படியாமல் நின்றது. ஒரு ஓரத்தை இழுத்தால் இன்னொரு ஓரம் தூக்கியது. முடித்ததும் பழக்கத்தில் நிமிர்ந்து பக்கவாட்டில் பார்த்தான். அங்கே யாரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கவில்லை. படம் எடுக்கிறவன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். இளவரசு மறுபடியும் கீழே பார்த்தான். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தான். கண்ணாடி இல்லாத முகம். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எங்க தாத்தா மூக்கு மாதிரியே இருக்குது" என்றான், யாரிடமும் இல்லாமல்.

கொளஞ்சியம்மாள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பிறந்த வீட்டுச் சீர் வந்ததே என்று அவள் எடுத்த எடுப்பில் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வெளியிலிருந்து எட்டிப் பார்த்த சபாபதி மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா பச்ச கட்டமாட்டாங்க" என்றார் மெதுவாக. "அவுங்களுக்கு ஆவாது."

மாலதி அவரைப் பார்க்கவில்லை. "இன்னிக்கிக் கட்டிக்குவாங்க" என்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தம்பியின் மஞ்சள் பை திறந்தது. பங்காளிகள், தெருக்காரர்கள் என்று ஒவ்வொரு புடவையாக மேலே விழுந்தது. அடியில் பச்சை மறைந்துகொண்டே போனது. நெய்ப்பந்தம் பிடிக்கக் குழந்தைகளைத் தேடினார்கள். பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த மாலதியின் மகள் காயத்ரி எங்கேயோ ஒரு மூலையில் தேம்பிக்கொண்டிருந்தாள். சால்வையை யாரோ எடுத்து மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள்.

மணி நாலு. பின்னால் நின்றவன் இளவரசின் காதோரம் குனிந்தான். குறிஞ்சிப்பாடியில் ஐந்து மணிக்குக் கூட்டம், மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். இளவரசு தலையாட்டினான். தூக்குகிறவரைக்கும் இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். இரண்டு தடவை வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி உள்ளே வந்தான். மூன்றாவது தடவை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

பறையைக் காய்ச்சுவதற்காக வைக்கோல் கொளுத்தியிருந்தார்கள், அதனால் அடி நின்றிருந்தது. ஒப்பாரியும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. இளவரசு வாசலில் நின்று எப்போதும்போல நாலு பக்கமும் திரும்பிக் கை கூப்பினான்.

"அப்ப போய்ட்டு வரேன் அத்த" என்றான். "மாமா, போய்ட்டு வரேன்."

சந்து முழுக்கக் கேட்டது. சாவு வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. வந்தவர்கள் வந்த சுவடு தெரியாமல் எழுந்து போய்விடவேண்டும். வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று தினமும் நூறு தடவை சொல்லிச் சொல்லி அவன் நாக்குக்கு மட்டும் தெரியவில்லை. கொளஞ்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருத்தி 'சிவ சிவா' என்றாள். சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்திருக்கவேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றான்.

மாலதி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் காதில் விழாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். அதுதான் மரியாதை. அவளுக்கும் தெரியும்.

"வாங்க" என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாய் வரைக்கும் வந்திருந்தது. அவள் துடைக்கவில்லை.

"வரும்போது வூட்டுல இருக்கிறவங்களையும் இட்டுக்கினு வாங்க தம்பி."

இளவரசு சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் சட்டென்று காருக்குள் ஏறிக்கொண்டான். திருப்ப இடமில்லை. பின்னாலேயே போகவேண்டும். கார் வந்தபின் இழுத்துக் கட்டிய சாமியானாவின் கயிறு ஒன்று குறுக்கே இருந்தது, காரின் தலையில் மாட்டும் உயரத்தில். டிரைவர் ஹாரன் அடித்தான். பக்கத்தில் இருந்தவர் சபாபதிதான். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வழியில் கிடந்த இரண்டு நாற்காலிகளைக் காலால் நகர்த்தினார். எட்டிக் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். கார் அதன் கீழே மெதுவாகப் பின்னால் ஊர்ந்து போனது.

பறை மறுபடியும் ஆரம்பித்தது. பாடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் சபாபதி கயிற்றைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.